இரண்டாவது இறக்கம்

வெள்ளை வெளேரென்று, ஒற்றை ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரிய ஒரு வில்லை. அதற்காக என் நாற்பதுகளில் பாதியைக் கொடுத்தேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். காலேஜில் பாடம் எடுப்பதோடு நிற்காமல் இந்த வயதில் இவளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் வைத்தே கேட்டாள். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அன்றைக்கு இலையிலிருந்த பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

ஆசைப்பட்டு ஒன்றும் நான் ஆராய்ச்சிக்குப் போகவில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இனி நீடிக்க முடியாது என்று ஒரு நாள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். வருஷக்கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தவளுக்கு அதுதான் மரியாதை. வேறு வழி? திருநெல்வேலியில் ஒரு பேராசிரியரை நெறியாளராகப் பிடித்து, பகுதிநேர ஆய்வுக்குப் பதிந்துகொண்டேன். பதிந்த நாளிலிருந்தே கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. கெடுவுக்குள் பட்டம் வாங்கினால் வேலை இருக்கும். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நெறியாளர் கொடுத்த தலைப்பைக் கேட்டாலே தூக்கம் வரும்: பீங்கான் மின்பகுபொருள்களில் நெடுங்காலக் கடத்துதிறன் இழப்பு. விஷயம் என்னவோ அவ்வளவு கஷ்டமில்லை. பீங்கானில் மின்சாரம் போகாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கரண்டுக் கம்பத்தில் பீங்கான் குமிழ் வைப்பதே அதற்காகத்தான். ஆனால் சிர்க்கோனியா என்கிற வெள்ளைப் பொடியில் வேறொரு ஆக்சைடைக் கொஞ்சம் கலந்து, வில்லையாக அழுத்திச் சுட்டு, தணல்போலச் சிவக்கும் அளவுக்குச் சூடேற்றினால், அதற்குள் ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்கும். நகர்வதற்குக் காலி இடங்கள் வேண்டும். செங்கோட்டை பஸ்ஸில் ஒருவர் எழுந்தால் பக்கத்தில் நிற்பவர் உட்காருவார், அவர் நின்ற இடத்துக்கு இன்னொருவர் நகருவார் அல்லவா, அப்படித்தான். மாதக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே கிடந்தால் காலி இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி முடங்கிப்போகும். கடத்துதிறன் குறையும். முதலில் வேகமாகக் குறையும், பிறகு மெதுவாகும், பிறகு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும்.

எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கிற கலங்களில் இந்த வில்லைதான் நெஞ்சாங்குலை. அது வருஷக்கணக்கில் தாங்குமா என்பதுதான் கேள்வி. பதில் வேண்டுமென்றால் உலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

உலை எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. அதற்குள் ஒரு நீளக் குழாய். குழாய்க்குள் இரண்டு வில்லைகள், இரண்டும் வேறு வேறு கலவை. கலங்களில் ஈரக் காற்றுதான் இருக்கும் என்பதால், சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ஒரு கண்ணாடிப் புட்டியிலுள்ள தண்ணீருக்குள் குமிழியிட விட்டு, அந்த ஈரத்தோடு குழாய்க்குள் அனுப்பினோம். புட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது. உலை அணையக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டது ஆய்வக உதவியாளராக இருந்த அக்கா.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர். வீடு குற்றாலத்தில். அவருடைய வீட்டுக்காரர் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். கோபம் வந்தால் நான் ஆள் பார்க்க மாட்டேன், அக்காவுக்கும் விழும். "டீச்சருக்கு இன்னைக்கு உலைய விடச் சூடு கூட" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். என் காதிலும் விழும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காகப் போனது. இரண்டு வில்லைகளுக்கும் வரைபடத்தில் கோடு இறங்கி, மெதுவாகி, மட்டமாகத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து என் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனி முடியாது என்று டாக்டரம்மா சத்தம் போட்ட பிறகுதான் போய்ப் படுத்தேன். நான் படுக்கையில் கிடந்தபோது சாரல் பருவம் உச்சத்தில் இருந்தது. காற்றுக்கு மரம் சாயும், கரண்டு போகும், வரும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அக்கா வந்து உலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் லீவு போட்டபோது தானே கற்றுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஓடுகிற அவசரத்தில் வழுக்கி விழுந்து முழங்கையில் தையல் போட்டதை நான் திரும்பிப் போன அன்றுதான் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் சத்தம் போட்டேன். எனக்கு நன்றி சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

உலை அணையவே இல்லை. ஆனால் நான் அளவெடுத்தபோது கோடு மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது. மட்டமாக நின்றிருக்க வேண்டியது. கருவியைச் சந்தேகப்பட்டு வேறொன்றை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். வயர்களைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். இறக்கம் நின்றபாடில்லை. பயந்துகொண்டே திருநெல்வேலிக்குப் போய் நெறியாளரிடம் காட்டினேன். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் காபி வரவழைத்தார். ஈரக் காற்றில் இவ்வளவு காலம் யாரும் பொறுமையாகக் காத்திருந்ததில்லை, அதனால்தான் இந்த இரண்டாவது இறக்கம் யார் கண்ணிலும் படவில்லை, இதுதான் உங்கள் கண்டுபிடிப்பு, போய் எழுதுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஆய்வேட்டில் பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். கெடு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. இரண்டு வில்லைகளின் கோடுகளையும் ஒரே படத்தில் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒரு மத்தியானம் போட்டேன்.

இரண்டும் ஒரே வாரத்தில் இறங்க ஆரம்பித்திருந்தன. ஒரே வேகத்தில் இறங்கியிருந்தன. வேறு வேறு கலவை. முதல் இறக்கத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடந்துகொண்டவை. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் யாரும் அவர்கள் உடம்புவாகை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு வில்லையை வெளியே எடுத்து உடைத்தேன். பெற்ற பிள்ளையை உடைக்கிற மாதிரி கை நடுங்கியது என்று எழுதினால் அது பொய், எரிச்சலில்தான் உடைத்தேன். உடைந்த துண்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கத் திருநெல்வேலிக்குக் கொடுத்தனுப்பினேன். படம் வந்தது. வில்லையின் நுண்ணிய மணிகளுக்கு இடையே, சுவரில் செங்கல்லுக்கு நடுவில் பூசிய சாந்துபோல, மெல்லிய கண்ணாடிப் படலம். சிலிக்கா. மணலிலும் பாறையிலும் இருக்கிற அதே சரக்கு. அயனிகள் போகிற வழியை அது அடைத்திருந்தது. காலி இடங்கள் முடங்கினால் வில்லையை இன்னும் அதிகச் சூட்டில் வைத்து எடுத்து ஓரளவு மீட்கப் பார்க்கலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது.

குழாயில் குற்றமில்லை. காற்றுச் சிலிண்டரில் குற்றமில்லை. மிச்சம் இருந்தது தண்ணீர். புட்டியில் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர். வேதியியல் துறையில் அதற்கு ஒரு கருவி இருந்தது, அங்கிருந்து வெள்ளைக் கேனில் பிடித்து வருவதுதான் ஏற்பாடு. கேனிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டுச் சுட வைத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீர் தடயமே இல்லாமல் ஆவியாக வேண்டும். இது மெலிசாக ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போனது.

அக்கா அப்போது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"நம்ம அருவித் தண்ணிதான் டீச்சர். நீங்க படுத்துட்டியளா, அந்தச் சமயம் அங்கன மிஷினு கெட்டுப்போச்சு. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி கேன் ஒண்ணு கடைல வாங்குனேன், அடியில பாசி கெடந்துது. அதப் போயி ஊத்த மனசு வரல. எங்க வீட்ல அவிய விடியக்காலம் கூட்டம் வரதுக்கு முன்ன போயி, சோப்பு, எண்ணெ ஒண்ணும் படாத எடமாப் பாத்துப் புடிச்சு, புதுத் துணில வடிகட்டித் தருவாவ."

மிஷினைத்தான் பிறகு சரிசெய்துவிட்டார்களே என்றேன்.

"சரிபண்ணிட்டாவ. ஆனா அது கொதிக்க வச்சுச் செத்த தண்ணிலா? இது மூலிகைத் தண்ணி. ஊர் ஊரா இதத் தேடி வாராவ."

பாறையில் விழுந்து பாறையில் ஓடி வருகிற தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத அளவு பாறை அதில் கரைந்திருக்கும். குடித்தால் ஒரு கெடுதியும் இல்லை. குமிழி உடையும்போது தெறிக்கிற துளியோடு துளியாக அது குழாய்க்குள் போய், மாதக்கணக்கில் வில்லைமேல் படிந்து, உருகி உள்ளே இறங்கியிருக்கிறது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அந்த முழங்கைத் தழும்பு கண்ணில் பட்டது. வெளியே போய்க் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். வந்து, இனிமேல் மிஷின் தண்ணியே போதும் அக்கா என்று மட்டும் சொன்னேன். சரி டீச்சர் என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

நெறியாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு நல்ல பகுதியை மட்டும் எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். தலையாட்டி மறுத்தார்.

"மொத எறக்கம் ஊரு உலகத்துக்கே தெரியும். அதுக்கு எவனும் பட்டம் தர மாட்டான். ரெண்டாவதுதாம்மா ஒங்க ஆய்வு. தண்ணி சமாச்சாரம் நீங்களாச் சொன்னாத்தான் வெளிய வரும்."

நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கெடுவை நினைத்துப் பாருங்கள் என்று அப்பா மாதிரி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நானும் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றார், நல்ல பிள்ளையாக. எனக்கு அதுவும் கோபமாக வந்தது. யாராவது ஒருவர் பொய்யை எழுது என்று என்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. அந்தக் கோட்டின் கீழே என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். எங்கோ ஒருவன் இதை நம்பி, நல்ல பொருளை ஆகாது என்று ஒதுக்குவான். என்னால் முடியவில்லை. அழித்துவிட்டேன்.

மிச்சம் இருந்த ஒரே வழி, இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கேட்பது. ஆய்வாளரின் கையை மீறிய காரணம் இருந்தால் பல்கலைக்கழகம் யோசிக்கும் என்றார்கள். ஈரப்பதமூட்டும் புட்டியில் தவறான தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று உள்ளதை எழுதினேன். அது கல்லூரி முதல்வர் வழியாகத்தான் போக வேண்டும். அவர் படித்துவிட்டு, தவறான தண்ணீரை ஊற்றியது யார் என்றார். ஆய்வகம் என் பொறுப்பு என்றேன். அப்படியென்றால் அது உங்கள் கையை மீறிய காரணம் இல்லையே அம்மா என்று சிரித்தார். யாரென்று சொன்னால் நானே பரிந்துரைத்து அனுப்புகிறேன், சொல்லாவிட்டால் இது இந்த மேஜையிலேயே கிடக்கும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய் அதிகம் என்று ஊருக்கே தெரியும். அந்த ஒரு இடத்தில்தான் அது மூடிக் கிடந்தது.

அலுவலகத்தில் பேசுகிற பேச்சு சாயங்காலத்துக்குள் ஆய்வகத்துக்கு வந்துவிடும். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் வகுப்பில் இருந்தபோது நேரே முதல்வர் அறைக்குப் போய், தண்ணீர் ஊற்றியது நான்தான், டீச்சருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர்கள் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அவர்களுக்கு ஒரு வருஷம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். நான் வகுப்பு முடிந்து வந்தபோது அவருடைய சாப்பாட்டுப் பை இருக்கிற ஆணி காலியாக இருந்தது. இனி வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் போனிலேயே சொல்லிவிட்டாராம். முதல்வர் அறைக்கு முன்னால் நின்று நான் போட்ட சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. சத்தம் போட்டு என்ன ஆகப் போகிறது? ஒன்றும் ஆகவில்லை.

பரிந்துரை போனது. பதிலும் வந்தது. உதவியாளரைக் கண்காணிப்பது ஆய்வாளரின் கடமையே என்பதால் அவகாசம் தர இயலாது. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். எனக்கும் வேலை போயிற்று.

கடைசி நாள் உலையை அணைக்கப் போனேன். சட்டென்று அணைத்தால் குழாய் வெடித்துவிடும். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மிச்சமிருந்த ஒற்றை வில்லைக்காக யாரும் இனிமேல் இந்த உலையைப் பார்க்கப் போவதில்லை, வெடித்தால் வெடிக்கட்டுமே என்று இருந்தது. இருந்தாலும் சாயங்காலம் வரை உட்கார்ந்து படிப்படியாகத்தான் இறக்கினேன். பழகிய கை கேட்கவில்லை.

இப்போது கடையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். நாத்தனார் ஒன்றும் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பதுதான் பொறுக்க முடியவில்லை. அக்காவைப் பார்க்கப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. போனும் செய்யவில்லை. அடுத்த சாரல் தொடங்கி, கூட்டம் வர ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை போனேன். அருவிக்குப் போகிற வழியில் துண்டும் எண்ணெய்ப் பாக்கெட்டும் வைத்து ஒரு தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலில் இருந்த ஈரத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். நான் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"ஒரு வருசம் குடுத்துட்டாவளா டீச்சர்?"

எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் பஸ் ஏறியிருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டாங்க அக்கா," என்றேன்.

அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு தார்ப்பாய்க்கு வெளியே எட்டி, அந்தப் பக்கம் ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்கேருங்க, டீச்சருக்குக் கெடச்சிட்டாம்."

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.